விசைத்தறியும் புல்லட்டும்: கேம் தேர்வு குறித்து ஒரு விளக்கம்

அறிவியல் தமிழ் வளர வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். கலைச்சொல் அகராதிகளும் பல வந்துள்ளன. ஆயினும் நம் மாணவர் நாள்தோறும் ஏறிச் செல்லும் ஒரு வண்டியின் உள்ளுறுப்பைப் பற்றி நான்கு பக்கம் தமிழில் படிக்க வேண்டுமெனில் எங்கே செல்வது? தமிழ்த்துறை மலரில் மோட்டார் சைக்கிள் பற்றிய கட்டுரை எதற்கு என வினவும் பெரியோர்க்கு இதுவே நம் முதல் விடை. இரண்டாவது விடை சற்றுக் கவலை தருவது. திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பக்கங்களிலிருந்து வரும் இளைஞர் சிலர் தம் புல்லட் வண்டிக்கு 'பர்ஃபாமன்ஸ் கேம்' மாட்டுவது பற்றி ஆர்வத்துடன் பேசக் கேட்கின்றோம். பெற்றோர் ஈட்டிய பணமும், குடும்பத்தின் தொழிலுக்கு உதவும் வண்டியும், சில வேளைகளில் உயிருமே அப்பேச்சில் அடங்கியுள்ளன. ஆதலின் கேம் என்பது யாது, அது எதைத் தரும், எதைத் தராது என்பவற்றை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

அகராதிகள் கேம் என்பதற்கு நெம்புருள் என்றும், அது அமைந்த தண்டுக்கு நெம்புருள் தண்டு என்றும் பெயர் தந்துள்ளன. நல்ல ஆக்கங்களே, நெம்புகின்ற உருள் என்னும்போது பொருள் தெளிவாகவே நிற்கிறது. எனினும் பட்டறையில் சென்று நெம்புருள் கேட்பார்க்கு வெறுங்கையே மிஞ்சும். அங்கே கேம், வால்வு, புஷ்ராடு, டாப்பெட் என்பனவே வழக்கு. இக்கட்டுரையில் நாமும் பட்டறை வழக்கையே கொள்கின்றோம். பொருள் விளங்கிவிட்டால் சொல்லைப் பின்னர் மாற்றிக்கொள்ளல் எளிது.

கேமை அறிய எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. திருத்தணி வட்டாரத்து ஊர்களில் விசைத்தறி ஓடும் வீட்டின் திண்ணையில் அமர்ந்து தறியின் அடிப்பாகத்தை உற்று நோக்கினாலே போதும். தறியின் மேல் தண்டாகிய கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் நாடா ஒருமுறை குறுக்கே ஓடும். கீழே உள்ள தண்டு அதன் பாதி வேகத்தில், அஃதாவது மேல் தண்டின் இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்றாகச் சுற்றும். அக்கீழ்த்தண்டில் வட்டமாக இல்லாமல் ஒருபுறம் புடைத்த இரும்புத் துண்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். புடைப்பு வந்து அழுத்தும்போது விழுது இறங்கிப் பாவு இரண்டாகப் பிரிந்து வழிவிடுகிறது; மற்றொரு புடைப்பு அடிக்கும்போது நாடா பாய்கிறது. பாவு வழிவிட்ட பின்னரே நாடா பாய வேண்டும். நாடா கடந்த பின்னரே பாவு மூட வேண்டும். இந்த ஒழுங்கு இம்மி பிசகினாலும் இழைகள் கொத்தாக அறுபடும். தறியின் டாப்பெட் என நெசவாளர் கூறும் அவ்விரும்புத் துண்டே கேம். சுழலும் இயக்கத்தை ஏறி இறங்கும் இயக்கமாக மாற்றுவதும், அந்த ஏற்ற இறக்கம் எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடிய வேண்டும் என்பதைத் தன் வடிவத்திலேயே எழுதி வைத்திருப்பதும் அதன் இருபெரும் பணிகள்.

இக்கருவி நேற்றுப் பிறந்ததன்று. அலெக்சாந்திரியாவின் கிரேக்கரும், நீர்விசையால் சம்மட்டியை உயர்த்திய சீனரும் இதனை அறிந்திருந்தனர். எனினும் சுழலும் தண்டில் கேம்களை வரிசையாக அமைத்துப் பல உறுப்புகளை முறைப்படி இயக்கும் அமைப்பை வரைபடங்களோடு விளக்கி எழுதியவருள் தலைசிறந்தவர் இஸ்மாயீல் அல் ஜஸரி. தியார்பக்ர் நகரில் அர்துகிய மன்னரின் அவையில் பணிபுரிந்த அவர், இயந்திர நுட்பங்கள் பற்றிய தம் பெருநூலை 1206-ஆம் ஆண்டில் நிறைவு செய்தார். அதில் வரும் நீர்க்கடிகாரத்தில் நீராற் சுழலும் தண்டு ஒன்று நெம்புகோல்களைத் தூக்கி விட, இசைக்கலைஞர் பொம்மைகள் கைகளை அசைத்து முழவொலி எழுப்பும். எந்தக் கை எப்பொழுது எழ வேண்டும் என்பதைத் தண்டே அறிந்து செயலாற்றியது. எட்டு நூற்றாண்டுகட்குப் பின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான எஞ்சினுள்ளும் அதே அறிவே வேறு உருவில் வேலை செய்கிறது.

புல்லட்டின் வரலாறு பலரும் அறிந்ததே. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. நம் இராணுவத்தின் தேவையே அதற்குத் தூண்டுகோலாயிற்று. தாய் நிறுவனம் பின்னர் மூடப்பட்ட போதிலும், சென்னைப் புல்லட் ஓய்ந்ததில்லை. 'இரும்பு எஞ்சின்' என்று பட்டறையில் வழங்கும் பழைய 350, 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 18 குதிரைத்திறனும் உடையது. அதன் பிஸ்டன் விட்டம் 70 மில்லிமீட்டர், ஓட்டம் 90 மில்லிமீட்டர். அகலத்தினும் ஓட்டம் மிக்க இவ்வமைப்பை நினைவில் இருத்துக, பின்னர்த் தேவைப்படும்.

இந்த எஞ்சின் உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு வேலைகளைக் கிராங்கின் இரண்டு சுற்றுகளில் முடிக்கிறது. பெட்ரோல் கலந்த காற்று நுழைய ஒரு வால்வு. எரிந்த புகை வெளியேற ஒரு வால்வு. இரண்டும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே திறப்பதால், அவற்றை இயக்கும் கேம்கள் கிராங்கின் பாதி வேகத்திற் சுழல வேண்டும். தறியில் கண்ட அதே கணக்கு! வலப்புற மூடியைக் கழற்றினால் பற்சக்கரங்களோடு கூடிய இரண்டு கேம்கள் தோன்றும். அவற்றின் புடைப்பு டாப்பெட்டை உயர்த்த, டாப்பெட் புஷ்ராடை உயர்த்த, அது தலைப்பகுதியில் உள்ள ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கும். ஸ்பிரிங் அதனை மீண்டும் மூடும். (யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு வீச்சு வண்டிகளில் இத்தகைய வால்வும் இல்லை, கேமும் இல்லை. சிலிண்டர்ச் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. அவ்வண்டிக்குக் 'கேம் கிடைக்குமா' என்று கேட்போரையும் நாம் கண்டதுண்டு.)

இனி நுட்பமான பகுதிக்கு வருவோம். பிஸ்டன் கீழிறங்கத் தொடங்கும்போது உள்வால்வு திறந்து, அடியைத் தொட்டதும் மூடிவிடும் என்றே பாடநூற் படங்கள் காட்டும். உண்மையில் அவ்வாறு அமைந்த எஞ்சின் சற்று வேகமெடுத்ததுமே திணறும். காரணம் எளியது. நிமிடத்திற்கு 5,000 சுழற்சியில் கிராங்க் ஒருமுறை சுற்ற ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. காற்றுக்கும் எடை உண்டு. நின்ற காற்று நகரவும் நேரம் வேண்டும், ஓடும் காற்று நிற்கவும் நேரம் வேண்டும். ஆகவே உள்வால்வைப் பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே சற்றுத் திறந்து, அடியைக் கடந்து மேலேறத் தொடங்கிய பின்பே மூடுவர். உச்சிக்கு 30 பாகை முன் திறந்து, அடிக்கு 60 பாகை பின் மூடுவதாக ஒரு பேச்சுக்குக் கொண்டால், 30, 180, 60 ஆகியவற்றைக் கூட்ட 270 பாகை வரும். இதுவே திறப்புக் காலம். 5,000 சுழற்சியில் இந்த 270 பாகை ஆயிரத்தில் ஒன்பது பங்கு நொடி. 2,000 சுழற்சியிலோ இருபத்திரண்டரைப் பங்கு. பாகை மாறவில்லை, காற்றுக்குக் கிடைத்த நேரம் மட்டும் மாறிவிட்டது. கேம் தேர்வின் சிக்கல் முழுவதும் இவ்வொரு வேறுபாட்டில்தான் உள்ளது.

வேகமாகச் சுழலும்போது, பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் ஓடிவந்த காற்று தன் உந்தத்தால் சிலிண்டருள் புகுந்துகொண்டே இருக்கும். தாமதமாக மூடும் வால்வு அங்கே ஆதாயம் தருகிறது. மெதுவாகச் சுழலும்போது காற்றுக்கு அவ்வுந்தம் இல்லை. மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையைக் கார்புரேட்டர் வழியே திருப்பித் தள்ளிவிடும். வந்த விருந்தினரை வாயிற்கதவைத் திறந்து வைத்தே திருப்பி அனுப்புவது போன்றது இது. பந்தயக் கேமின் திறப்புக் காலம் மிக நீண்டது. ஆதலின் அது மேல்வேகத்தில் கொடுப்பதைக் கீழ்வேகத்திலிருந்தே எடுக்கிறது. கேம் வலிமையைப் படைப்பதில்லை. எஞ்சினின் வலிமை எந்தச் சுழற்சியில் குவிய வேண்டும் என்பதையே தீர்மானிக்கிறது. விற்பனையாளர் முன்பாதியைச் சொல்வார். பின்பாதியை வாங்குபவரே கேட்டறிதல் வேண்டும்.

திறப்புக் காலத்தோடு தூக்கு, உடன்திறப்பு என இன்னும் இரண்டு குணங்கள் உண்டு. வால்வு எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது என்பது தூக்கு. அளவோடு தூக்கை மட்டும் கூட்டினால் கீழ்வேகம் பெரிதும் கெடாமலே காற்றோட்டம் பெருகும். ஆனால் வால்வையும் ஸ்பிரிங்கையும் அது வருத்தும். வெளிவால்வு முழுதும் மூடுமுன் உள்வால்வு திறந்துவிடும் இடைவேளையை உடன்திறப்பு எனலாம். உயர் வேகத்தில் வெளியே பாயும் புகை தன் பின்னே புதிய கலவையை இழுத்து வரும் என்பதால் இது நன்மை. மெதுவான ஓட்டத்திலோ புகை உள்ளே திரும்பிக் கலவையைக் கெடுக்கும். எஞ்சின் விட்டுவிட்டுத் துடிக்கும். அத்துடிப்பொலியைக் கேட்டு 'ஆகா, வண்டி வலிமை பெற்றுவிட்டது' என மகிழ்வோர் பலர். உண்மையில் அது எஞ்சின் மூச்சுத்திணறும் ஒலி. புல்லட்டின் இயல்பான ஓசை பெரிய சக்கரத்தின் எடையாலும் நீண்ட ஓட்டத்தாலும் வருவது. பந்தயக் கேமின் கரகரப்பு வேறு.

வலிமை என்ற சொல்லும் நம் இளைஞரை மயக்குவதே. முறுக்குவிசை வேறு, குதிரைத்திறன் வேறு. தற்காலத்து 350 புல்லட்டின் நிறுவனக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 4,000 சுழற்சியில் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 6,100 சுழற்சியில் 20.2 குதிரைத்திறன். முறுக்குவிசையையும் சுழற்சியையும் பெருக்கினால் குதிரைத்திறன் கிடைக்குமாதலால், 4,000 சுழற்சியில் இந்த எஞ்சின் தருவது ஏறத்தாழ 15 குதிரைத்திறன் எனவும், 6,100 சுழற்சியில் அதன் முறுக்குவிசை 23.6 அளவுக்கு இறங்கிவிடுகிறது எனவும் நாமே கணக்கிட்டறியலாம். ஒவ்வோர் அடியின் விசை குறைந்தும், அடிகளின் எண்ணிக்கை மிகுந்தமையால் மொத்தம் கூடிற்று. மேட்டில் இருவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஏறுமா, கியரைக் குறைக்க நேருமா என்பதை முடிவு செய்வது 2,000 முதல் 4,000 வரையிலான சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசையே. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதோ உச்சக் குதிரைத்திறன்.

திருத்தணியின் சாலைகளை இதனோடு பொருத்திப் பார்ப்போம். முருகன் கோயிலுக்கு 365 படிகள். வண்டிகளுக்கு மலையைச் சுற்றி ஏறும் சாலை தனியே உண்டு. ஆடிக் கிருத்திகை நாளில் அவ்வூர்த் தெருக்களில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக நகர்ந்து செல்ல வேண்டியிருக்கும். கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னே ஊர்ந்து செல்ல வேண்டிய சாலைகள் ஒருபுறம். சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் பேருந்து நெரிசல் மறுபுறம். ஆந்திர எல்லையைத் தாண்டி நகரிப் பக்கம் சென்றால் மீண்டும் குன்றுகள். இத்தகைய இடத்தில் ஒரு புல்லட் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை 3,500 சுழற்சிக்குக் கீழேயே கழிக்கிறது. அங்கே முறுக்குவிசையைக் குறைத்து, எப்பொழுதாவது ஒருமுறை எட்டிப்பார்க்கும் 6,000 சுழற்சியில் கூட்டித் தரும் கேமை மாட்டுவது, ஆண்டு முழுவதும் வேலை தரும் எருதை விற்று ஒருநாள் பந்தயக் காளை வாங்குவதை ஒக்கும்.

வேறொரு தடையும் உண்டு. இரும்பு எஞ்சினின் பிஸ்டன் ஒரு சுற்றில் 90 மில்லிமீட்டர் இறங்கி 90 மில்லிமீட்டர் ஏறுகிறது. 5,625 சுழற்சியில் அதன் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். 7,000 சுழற்சிக்கு உயர்த்தினால் 21 மீட்டர். 2018-இல் வந்த 650 இரட்டைச் சிலிண்டர் வண்டியில் பிஸ்டன் ஓட்டம் 67.8 மில்லிமீட்டரே, ஆதலின் அது 7,250 சுழற்சியில் ஓடும்போதும் பிஸ்டன் வேகம் 16.4 மீட்டருக்கு மேற்செல்வதில்லை. உயர் சுழற்சிக்கெனப் பிறந்த எஞ்சினுக்கும், அமைதியாக இழுக்கப் பிறந்த எஞ்சினுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வெண்கள் காட்டுகின்றன. பழைய எஞ்சினின் கனெக்டிங் ராடு கீழ்முனையில் மிதக்கும் புஷ் ஒன்றின்மேல் சுழல்கிறது. கேம் 7,000 சுழற்சிக்கு அழைக்கலாம். அந்தப் புஷ் உடன்படாது.

நெசவுக் குடும்பத்து மாணவர் ஒருவரின் செய்தி ஈண்டு நினைவுக்கு வருகிறது. தந்தையின் பழைய புல்லட்டில்தான் சேலைக் கட்டுகள் திருத்தணிக்குச் செல்லும். வண்டி மேட்டில் இழுக்கவில்லை என்பதால், சேர்த்து வைத்த பணத்தில் உயர்தூக்குக் கேம் வாங்க அவர் முடிவு செய்திருந்தார். வாங்குமுன் இருக்கும் கேமை அளந்து பார்க்கும்படி முதிய மெக்கானிக் ஒருவர் அறிவுறுத்தினார். டயல் கேஜ் வைத்துப் புஷ்ராடு ஏறும் அளவைப் பார்த்தபோது, வெளிவால்வுக் கேமின் புடைப்பு தேய்ந்து தூக்குக் குறைந்திருந்தது. டாப்பெட்டின் அடியும் குழிந்திருந்தது. புகை முழுதும் வெளியேறாத எஞ்சினில் புதிய கலவைக்கு இடமேது? நிறுவன அளவிலான கேமும் டாப்பெட்டும் மாற்றி, ஸ்பிரிங் புதுப்பித்ததும் வண்டி பழையபடி கட்டுகளைச் சுமந்து ஏறியது. மிஞ்சிய பணம் தறிக்குப் பாவு வாங்க உதவிற்று. 'பர்ஃபாமன்ஸ் கேம்' தேடுவோருள் பாதிப்பேர் உண்மையில் தேடுவது, தம் எஞ்சின் இழந்துவிட்ட பழைய கேமையே என்பது நம் கருத்து. காற்று வடிகட்டி அடைப்பு, தீப்பொறி நேரப் பிழை, வால்வுக் கசிவு இவற்றையும் பார்த்துவிட்டே கேமுக்கு வர வேண்டும்.

எல்லாம் செம்மையாக இருந்தும் மாற்றம் வேண்டும் என்பார்க்கு, மிதமான கேம் எனப்படும் வகையே சாலைக்கு ஏற்றது: தூக்குச் சற்றுக் கூடியும், திறப்புக் காலம் சில பாகைகளே நீண்டும், உடன்திறப்பு அளவோடும் இருப்பது. கடைக்காரர் கூறும் பாகையை அப்படியே ஏற்றலாகாது. வால்வு அசையத் தொடங்கியது முதல் அளந்தால் ஓர் எண்; ஒரு மில்லிமீட்டர் உயர்ந்த பின் அளந்தால் அதனினும் மிகச் சிறிய மற்றோர் எண்; அமெரிக்கத் தயாரிப்பாளர் 1.27 மில்லிமீட்டரில் அளப்பர். அளந்த முறை தெரியாமல் 280 என்பதையும் 240 என்பதையும் ஒப்பிடல் பொருளற்றது. உள்வால்வு மூடும் பாகை எது என்று கேட்பதே அறிவுடைமை. கீழ்வேகத்தின் தலைவிதி அதில்தான் எழுதப்பட்டுள்ளது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் பழைய கேமைச் சாணை பிடித்து வடிவம் மாற்றியும் தருவர் என்பர். கேமின் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டது. சாணையில் அது நீங்கிவிட்டால் உள்ளிருக்கும் மென்மையான உலோகம் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். மீண்டும் கடினப்படுத்தினரா என்று கேட்டறியாமல் வாங்குதல் தகாது.

பொருத்தும்போது செய்யும் சோதனைகளே எஞ்சினைக் காப்பன. தூக்குக் கூடிய வால்வு, உச்சிக்கு வரும் பிஸ்டனை முட்டலாம். பிஸ்டன் தலையில் மாணவர் பயன்படுத்தும் வண்ணக் களிமண்ணைத் தட்டையாக ஒட்டி, எஞ்சினை மூடி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பின் திறந்து, வால்வு அழுத்திய இடத்தின் கனத்தை அளப்பர். உள்வால்வுக்கு 2 மில்லிமீட்டரும், வெளிவால்வுக்கு இரண்டரை மில்லிமீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது பரவலான வழக்கு. ஓடும் எஞ்சினில் வால்வு பிஸ்டனைத் தொட்டால் வால்வு வளையும், புஷ்ராடு வளையும், சில வேளை பிஸ்டன் உடைந்து பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும். மலைச்சாலையில் அது நேர்ந்தால் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் முழுதும் அமுங்கும்போது அதன் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் இடைவெளி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். பற்சக்கரக் குறிகளை நேர்ப்படுத்தினால் மட்டும் போதாது. பாகைத்தட்டு வைத்து வால்வு திறக்கும் பாகை சரியா எனக் காண்பதே முறை. கேம் மாறியபின் கார்புரேட்டரின் ஜெட்டும் மாற வேண்டும். அமுக்க விகிதமும் புகைக்குழலும் பழையபடி இருந்தால் புதிய கேமின் பயனில் பெரும்பங்கு கிட்டாது. ஒன்றை மாற்றியவர் நான்கை மாற்ற நேரும் என்பதைச் செலவுக் கணக்கில் முன்னரே சேர்த்துக்கொள்க.

2008-க்குப் பின் வந்த யூ.சி.ஈ. எஞ்சினில் எண்ணெய் அழுத்தத்தால் தாமே இடைவெளி சரிசெய்துகொள்ளும் டாப்பெட்டுகள் உள்ளன. 2020-இல் மீட்டியார் வண்டியோடு அறிமுகமாகிப் பின் கிளாசிக்கிலும் புல்லட்டிலும் வந்த புதிய எஞ்சினில் புஷ்ராடே இல்லை. கேம் தலைப்பகுதியில் அமர்ந்து சங்கிலியாற் சுழல்கிறது. பெட்ரோல் அளவை அங்கே மின்னணுப் பெட்டி முடிவு செய்கிறது. கேமை மாற்றி அப்பெட்டியின் கணக்கை மாற்றாது விட்டால் கலவை பிழைபட்டு எஞ்சின் சூடேறும். பழைய எஞ்சினில் ஸ்குரூடிரைவர் செய்த வேலையை இங்கே கணினி செய்ய வேண்டும்.

வேகம் தேடும் இளமையை நாம் பழிப்பதற்கில்லை. 2018-இல் அமெரிக்காவின் பானவில் உப்புவெளியில், ராயல் என்ஃபீல்டின் 650 வண்டி ஒன்றை ஓர் இளம்பெண் மணிக்கு 150 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். அதுவும் வெறுங் கேமால் வந்த வேகமன்று. அதற்கெனவே எஞ்சின் முழுவதையும் செப்பனிட்டு, ஆளும் எதிர்வண்டியும் இல்லாத வெளியில் ஓட்டிய ஓட்டம். நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்திலேயே, இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனத் தனிப்பாதை உள்ளது. பந்தயக் கேமின் இடம் அத்தகைய பாதையே. 2021-இல் தொடங்கிய கான்டினென்டல் ஜி.டி. கோப்பைப் பந்தயத்தில் எல்லோர்க்கும் ஒரே வகையாகச் செப்பனிட்ட வண்டிகளையே தருகின்றனர் என்பதும் எண்ணத்தக்கது. அங்கே வெல்வது கேமன்று, ஓட்டுநரின் திறமை.

சட்டமும் தமிழ்நாட்டுப் பக்கம், ஆந்திரப் பக்கம் என்று வேறுபடுவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்த அளவினின்று மாறும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், இசைவில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. கேம் உள்ளே மறைந்திருப்பதால் யார் கண்டார் என எண்ணற்க. உடன்திறப்பு மிகுந்த கேம் எரியாத பெட்ரோலைப் புகைக்குழல் வழியே அனுப்பும்; புகைச் சோதனைக் கருவி அதனைக் காட்டிக்கொடுக்கும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் எஞ்சினைத் திறந்தே பார்ப்பார்.

இவ்வளவும் எண்ணிப் பார்த்து, தேய்ந்த கேமுக்கு மாற்றாகவோ மிதமான கேமாகவோ புதியதைப் பொருத்தியவர் செய்ய வேண்டுவன சில உள. பொருத்தும்போதே கேமின் முகத்திலும் டாப்பெட்டின் அடியிலும் கெட்டி எண்ணெய் பூச வேண்டும். எஞ்சின் உயிர்பெற்றவுடன் நெடுநேரம் மெதுவோட்டத்தில் நிறுத்தி வைக்கலாகாது, அப்பொழுது எண்ணெய் போதிய அளவு கேமைச் சென்றடையாது. முதல் ஐந்நூறு கிலோமீட்டர் வரை முறுக்காமல் ஓட்டி, எஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கும் காலைப்பொழுதில் புஷ்ராடுகளைச் சரிபார்க்க வேண்டும். இரும்பு எஞ்சினில் வால்வு மூடிய நிலையில் புஷ்ராடு விரல்களுக்கிடையே தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடுதல் கூடாது. பின்னர் எண்ணெயை வடித்து, கம்பள வடிகட்டியை வெளியே எடுத்து, வெயிலில் திருப்பிப் பார்க்க வேண்டும். மங்கலான சாம்பற் படிவு மட்டும் இருந்தால் புதிய எண்ணெய் ஊற்றி வண்டியை எடுக்கலாம். ஊசிபோல் மின்னும் இரும்புத் துகள்கள் தென்பட்டால் வலப்புற மூடியை அன்றே கழற்றிக் கேமின் முகத்தை நகத்தால் தடவிப் பார்ப்பது நன்று.